கார்ட்டூனும் பாட்டும் கலந்த சேனல்: உங்கள் கேள்விகள், எங்கள் பதில்கள்

பகலெல்லாம் கார்ட்டூன், நடுநடுவே பாப் பாட்டு வீடியோ. இந்த வகைச் சிறுவர் சேனலைப் பற்றி உங்கள் சந்தேகங்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை பெற்றோருடையவை. சில, எடிட்டிங் படிக்கும் மாணவர்களுடையவை. ஒன்று பத்து வயதுச் சிறுமியுடையது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். நிகழ்ச்சி அட்டவணை, ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறை, டப்பிங் ஆகிய மூன்று பக்கத்திலும் வேலை தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: ஒரு கார்ட்டூன் முடிந்ததும் ஒரு பாட்டு, மறுபடி கார்ட்டூன், மறுபடி பாட்டு. குழந்தைகள் சேனலில் பாட்டு எதற்கு? நேரத்தை ஒப்பேற்றத்தானா?

பதில்: நேரத்தை நிரப்புவது முதல் காரணம்தான், மறைக்க வேண்டியதில்லை. கணக்கைப் பாருங்கள். கார்ட்டூன் அத்தியாயங்கள் பெரும்பாலும் 22 நிமிடம். அல்லது 11 நிமிடக் கதை இரண்டு. பழைய குறும்படங்கள் என்றால் ஏழு ஏழு நிமிடமாக மூன்று. அட்டவணையோ அரைமணி அரைமணியாகப் போகிறது. ஒரு அரைமணியில் 22 நிமிட அத்தியாயம், 3 நிமிட விளம்பரம், 30 நொடி முன்னோட்டம் இரண்டு, சேனல் பெயர் வரும் 5 நொடித் துணுக்கு நான்கு என்று வைத்தால் 26 நிமிடம் 20 நொடி ஆகிறது. மிச்சம் 3 நிமிடம் 40 நொடி. பாப் பாட்டின் நீளமே அவ்வளவுதான்! 3 நிமிடம் 25 நொடிப் பாட்டு ஒன்றை வைத்து, மீதி 15 நொடிக்கு ஒரு சின்னத் துணுக்கைச் செருகினால் அரைமணி கச்சிதமாக மூடிவிடும்.

அந்த 3:40 இல்லாமல் அப்படியே ஓடவிட்டால் என்ன ஆகும்? ஆறு அரைமணி தாண்டுவதற்குள் அட்டவணை 22 நிமிடம் முந்திவிடும். நான்கு மணிக்குப் பள்ளியிலிருந்து ஓடிவந்து உட்காரும் பிள்ளைக்கு அவள் காத்திருந்த கதை முடிந்தே போயிருக்கும்.

இரண்டாவது காரணம் எங்களுக்கு முக்கியமானது. கதை பார்க்கும்போது பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பாட்டு வந்தால் எழுந்து ஆடுகிறது. அதனால்தான் பாட்டைக் கதைக்கு நடுவே வெட்டிச் செருகக் கூடாது, இரண்டு கதைகளுக்கு இடையில் வைக்க வேண்டும். இரவு ஏழரை, எட்டு மணி வாக்கில் துள்ளல் பாட்டைத் தவிர்த்து மெதுவான பாட்டுக்கு மாறுவதும் இதே யோசனையால்தான். தூங்கப் போகிற நேரத்தில் ஆட வைத்தால் அவஸ்தை யாருக்கு என்று பெற்றோருக்குத் தெரியும்.

கேள்வி: எடிட்டிங் மாணவன் நான். சில நேரம் பாட்டு தொடங்கும் முன் வண்ணப் பட்டைகளும் ஒரு பீப் சத்தமும் பளிச்சென்று வந்து மறைகின்றன. சில பாட்டு கடைசி வரியில் அறுந்து போகிறது. என்ன தப்பு நடக்கிறது?

பதில்: இரண்டுமே டைம்கோடு தப்பு. டைம்கோடு என்பது கோப்பின் ஒவ்வொரு இடத்தையும் மணி:நிமிடம்:நொடி:பிரேம் என்று குறிக்கும் எண். ஒளிபரப்புக்கு வரும் கோப்பின் தலையில் வண்ணப் பட்டை, சோதனை ஒலி, கவுண்ட்டவுன் கடிகாரம், கொஞ்சம் கறுப்பு எல்லாம் இருக்கும். பல நாடுகளில் நிகழ்ச்சி 10:00:00:00 என்ற இடத்தில் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். கடைசி இரண்டு இலக்கம் பிரேம், அதாவது வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படம். நொடிக்கு 25 பிரேம் என்றால் அது 00 முதல் 24 வரை போகும். தொடக்கப் புள்ளியில் 10:00:00:00 என்று போடாமல் 09:59:59:00 என்று யாராவது விட்டுவிட்டால், முந்தைய ஒரு நொடியில் இருப்பது எதுவோ அது அப்படியே வீட்டுக்குப் போய்விடும். தானியங்கி ஒளிபரப்பு மென்பொருளுக்கு எண் மட்டும்தான் தெரியும். பட்டையா பாட்டா என்று அது பார்க்காது.

பாட்டு அறுந்து போவதற்குக் காரணம் வேறு. முடிவுப் புள்ளியைக் குறிப்பவர் படத்தைப் பார்த்துக் குறித்துவிடுகிறார். படம் கறுப்பான பிறகும் கடைசி நாண் இரண்டு மூன்று நொடி அதிர்ந்து அடங்கும். பாட்டு வீடியோவுக்கு முடிவுப் புள்ளியைக் காதால்தான் குறிக்க வேண்டும்: ஹெட்போனில் ஒலி முழுக்க அடங்கிய பிரேமைக் கண்டுபிடித்து, அதற்குப் பின் 5 பிரேம் விட்டுக் குறியுங்கள்.

ஒரு கோப்பை வாங்கியதும் செய்ய வேண்டியது இது. முதல் 10 நொடியும் கடைசி 10 நொடியும் முழுசாகப் பார்க்க வேண்டும், நடுவில் மூன்று இடம் தட்டிப் பார்க்க வேண்டும், இடது வலது இரண்டு ஒலியையும் தனித்தனியே கேட்க வேண்டும், கோப்பு எண்ணும் உள்ளே ஓடும் பாட்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். கடைசியில் சொன்னதை அலட்சியமாக விடாதீர்கள். ஒரே பாட்டுக்கு மூல வடிவம் ஒன்றும் சிறுவருக்கான சுத்த வடிவம் ஒன்றும் ஒரே பெயரில் வரும். இந்தத் தொழிலில் மிக மோசமான தவறு, அவை இரண்டும் இடம் மாறிப் போவது. சுத்த வடிவத்தின் கோப்புப் பெயரிலேயே அடையாளம் இருக்கட்டும். மூல வடிவம் ஒளிபரப்புச் சேமிப்பகத்துக்குள் நுழையவே கூடாது.

கேள்வி: கார்ட்டூன் ஓடும்போது பேச்சு கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுகிறேன். அடுத்து வரும் பாட்டு வீட்டையே அதிர வைக்கிறது. வேண்டுமென்றே செய்கிறார்களா?

பதில்: பெரும்பாலும் வேண்டுமென்று செய்வதில்லை. அளக்க வேண்டிய விதத்தில் அளக்காததால் வருவது. முன்பு ஒலியின் உச்சத்தை மட்டும் அளந்தார்கள். கார்ட்டூனில் ஒரு பூனை மெதுவாக நடக்கும், கிசுகிசுப்பு இருக்கும், திடீரென்று ஒரு பானை விழுந்து உடையும். உச்சம் அந்த ஒரு நொடி மட்டுமே. பாப் பாட்டோ முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை உச்சத்தை ஒட்டியே நெருக்கிப் பதிவு செய்யப்பட்டது. இரண்டின் உச்சமும் ஒன்றே. காதுக்கு இரண்டும் ஒன்றல்ல.

காது உணரும் சராசரிச் சத்தத்தை அளக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வகுத்தது. அதை வைத்து ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010இல் ஆர்-128 என்ற பரிந்துரையைக் கொண்டுவந்தது: எந்த நிகழ்ச்சியானாலும் முழு நீளத்துக்குமான சராசரி மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (இந்தச் சராசரிச் சத்தத்தின் அலகு; மைனஸுக்குப் பின் வரும் எண் சிறிதானால் சத்தம் அதிகம்) இருக்க வேண்டும், உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் மைனஸ் 24. விற்பனைக்கு வரும் பாப் பாட்டுகள் மைனஸ் 9 போன்ற அளவில் இருப்பது சாதாரணம். மைனஸ் 9க்கும் மைனஸ் 23க்கும் வித்தியாசம் 14 டெசிபல். 10 டெசிபல் கூடினாலே சத்தம் இரண்டு மடங்கு போலத் தோன்றும் என்பதால், அளக்காமல் அப்படியே ஓடவிட்ட பாட்டு வீட்டை ஏன் அதிர வைக்கிறது என்று புரியும்.

ஒலிக் கலவை செய்யும் மாணவர்களுக்கு ஒன்று. பல்லவியை மட்டும் அளந்து குறைத்தால் பாட்டு மொத்தமும் தேவைக்கு மேல் சன்னமாகிவிடும். முதல் நொடி முதல் கடைசி வரை ஓடவிட்டு அளந்து, முழுப் பாட்டையும் ஒரே அளவில் இறக்குங்கள். நடுவில் கை வைக்காதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? செட்டாப் பாக்ஸின் ஒலியை முழுதாக வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் டிவி ரிமோட்டில் மட்டும் செய்யுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் ‘ஆட்டோ வால்யூம்’ அல்லது ‘நைட் மோட்’ இருந்தால் போடுங்கள். அது உரத்ததை அமுக்கி மெல்லியதைத் தூக்கும். இசை பளிச்சென்றும் பேச்சு மட்டும் அடங்கியும் கேட்டால், பாக்ஸ் ஐந்து ஸ்பீக்கருக்கான ஒலியை அனுப்புகிறதா என்று பாருங்கள். அந்த ஒலியில் பேச்சு நடு ஸ்பீக்கருக்கென்று தனியாகப் போகும். இரண்டு ஸ்பீக்கர் டிவி அதைச் சரியாகக் கலக்காவிட்டால் பேச்சு தொலைந்துவிடும். பாக்ஸில் ‘ஸ்டீரியோ’ அல்லது ‘பிசிஎம்’ என்று மாற்றினால் திரும்ப வரும்.

பிள்ளை ஹெட்போனில் பார்க்கிறது என்றால் கூடுதல் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த அளவு, குழந்தைகளுக்கு வாரத்தில் 40 மணி நேரம் 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது: 78 என்றால் 20 மணி, 81 என்றால் 10 மணி.

கேள்வி: பாட்டு வீடியோவில் விளக்குகள் பளிச் பளிச்சென்று வெட்டும்போது என் மகன் கண்ணைக் கசக்குகிறான். என் அக்கா மகளுக்கு வலிப்பு உண்டு. பயப்பட வேண்டுமா?

பதில்: பயத்தைவிட விவரம் உதவும். 1997 டிசம்பர் 16 அன்று மாலை ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானது. அதில் ஒரு வெடிப்புக் காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறித் திரை முழுக்க அடித்தன, சில நொடிகள்தான். சுமார் 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பலருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே இல்லை. தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகுதான் ஜப்பானிய அனிமேஷனுக்கு மின்னல் வெளிச்ச விதிகள் வந்தன.

விதியின் சாரம்: நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது, திரையில் கால் பங்குக்கு மேல் பரவக் கூடாது, அடர்சிவப்பு மாறி மாறி வருவது மற்ற நிறங்களைவிட ஆபத்து என்பதால் அதற்குத் தனிக் கட்டுப்பாடு. கறுப்பு வெள்ளைக் கோடுகள் நெருக்கமாகத் திரையை நிறைப்பதும் இதே பாதிப்பைத் தரக்கூடும் என்பதால் அதையும் பார்க்கிறோம். கார்ட்டூனைவிடப் பாட்டு வீடியோதான் அதிகம் மாட்டும். மேடையில் வெட்டி வெட்டி எரியும் ஸ்ட்ரோப் விளக்கு, தாளத்துக்குத் தாளம் வெட்டும் எடிட்டிங், கேமரா ஃப்ளாஷ் மூன்றும் ஒரே பாட்டில் சேர்ந்து வரும்.

சரிபார்க்கும் மென்பொருள் ஒவ்வொரு பிரேமையும் அளந்து, தப்பிய இடத்தை டைம்கோடோடு சொல்லும். உதாரணமாக 10:01:14:06 முதல் 10:01:16:20 வரை தவறு என்று வந்தால் அந்த இரண்டரை நொடியை மட்டும் திருத்தினால் போதும். வெளிச்சமான பிரேம்களின் ஒளியை இறக்கிப் பார்ப்போம். போதாவிட்டால் மின்னல் பிரேம்களை எடுத்துவிட்டுப் பக்கத்துப் பிரேமை நீட்டுவோம். சிவப்பு என்றால் நிறத்தின் அடர்த்தியைக் குறைப்போம். வேகத்தைப் பாதியாக்கினால் மட்டும் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. 12 பாதியாகி 6 ஆனாலும் அது 3க்கு மேல்தான். திருத்தியதும் மறுபடி முழுப் பாட்டையும் சோதனைக்கு விட வேண்டும், ஏனென்றால் ஓர் இடத்தைத் திருத்தும்போது அடுத்த வெட்டு புதிதாகத் தவறாக மாறுவதுண்டு.

ஒளியால் தூண்டப்படும் வலிப்பு, வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே 100க்கு 3 பேர் அளவில்தான். ஆனால் சிறு வயதிலும் பதின்பருவத்திலும்தான் அதிகம் தென்படும். உங்கள் அக்கா மகளுக்கு அது இருக்கிறதா என்பதை அவளுடைய மருத்துவரே பரிசோதித்துச் சொல்ல முடியும். வீட்டில் இருட்டில் டிவி பார்க்க வேண்டாம். விளக்கு எரியட்டும், திரையை விட்டுத் தள்ளி உட்காரட்டும். மின்னல் காட்சி வந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாக மூடி, முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு கண்ணையும் இமையால் மூடினால் போதாது. வெளிச்சம் இமை வழியே சிவப்பாக உள்ளே வரும்.

வலிப்பு வந்துவிட்டால் பிள்ளையைச் சுற்றியுள்ள பொருள்களை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ முதல் முறை என்றாலோ உடனே ஆம்புலன்ஸ்.

கேள்வி: பழைய கார்ட்டூன்களில் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள். டிவி கோளாறா?

பதில்: பழைய கார்ட்டூன்கள் 4:3 சட்டத்துக்கு, அதாவது அகலம் 4 பங்கு உயரம் 3 பங்கு என்ற அளவுக்கு, வரைந்தவை. 16:9 திரை முழுக்க இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும், சக்கரம் முட்டை ஆகும். இழுக்காமல் பெரிதாக்கி நிரப்பினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். ஆடும் பொம்மையின் கால் தெரியாது.

இழுத்தது யார் என்று கண்டுபிடிக்க, காட்சியில் ஒரு சக்கரமோ கடிகாரமோ வரும்போது நிறுத்தி, அளவுகோலால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். மூலையில் இருக்கும் சேனல் லோகோ வட்டமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். சேனல் படத்தை இழுத்த பிறகு லோகோவைத் தனியாக மேலே ஒட்டுவதால் அது வட்டமாகவே இருக்கும். லோகோவும் சேர்ந்து முட்டையாகத் தெரிந்தால் தப்பு உங்கள் வீட்டில். அப்போது பாக்ஸில் திரை அளவை 16:9 என்றும் 4:3 படங்களுக்கு ‘பில்லர்பாக்ஸ்’ அல்லது ‘ஒரிஜினல்’ என்றும் வையுங்கள். டிவியில் ‘ஜூம்’, ‘வைட்’ எதுவும் வேண்டாம். லோகோ மட்டும் ஒழுங்காக இருந்தால் தப்பு சேனலுடையது. அந்த நேரத்துக்கு மட்டும் டிவியை 4:3க்கு மாற்றினால் படம் சரியான உருவத்துக்கு வந்துவிடும். வெட்டி நிரப்பியிருந்தால் வீட்டில் மீட்க வழியில்லை.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிவதைக் குறை என்று நினைக்காதீர்கள். ஓவியர் வரைந்த படம் முழுதாக வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கேள்வி: புது டிவியில் கார்ட்டூன் வழுக்குவது போலவும், கைகால் ஓரத்தில் சாயம் ஒழுகுவது போலவும் இருக்கிறது.

பதில்: டிவி தானாக இடைப் படங்களை உண்டாக்குகிறது. நொடிக்கு 24 பிரேம் ஓடும் கார்ட்டூனில் ஒரு வரைபடத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவது வழக்கம், அதாவது நொடிக்கு 12 படம். சிக்கனமான தொடர்களில் மூன்று பிரேமுக்கு ஒன்று, நொடிக்கு 8. டிவி இதைக் குறை என்று நினைத்து நடுவில் நிரப்பும்போதுதான் ஓரம் கலங்குகிறது. சாம்சங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’ (பழைய மாடல்களில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’), எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’. பட அமைப்புக்குள் போய் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மகள் கீபோர்டு கற்கிறாள். ஒரு கார்ட்டூனின் முகப்புப் பாட்டை டிவியோடு சேர்ந்து வாசித்தால் எந்தக் கட்டையிலும் சுருதி சேரவில்லை. அதே பாட்டு இணையத்தில் சேருகிறது.

பதில்: மகளின் காதைப் பாராட்டுங்கள். அந்தத் தொடர் நொடிக்கு 24 பிரேமில் எடுத்ததாக இருக்க வேண்டும். நொடிக்கு 25 பிரேம் ஓடும் ஒளிபரப்பில் அதைப் போட எளிய வழி, கொஞ்சம் வேகமாக ஓட்டுவது. வேகம் 4 சதவீதம் கூடுகிறது. 22 நிமிட அத்தியாயம் 21 நிமிடம் 7 நொடியில் முடிந்துவிடுகிறது. ஒலியையும் சேர்த்து வேகமாக்கினால் சுருதி ஏறத்தாழ 0.7 அரைச்சுரம் ஏறும். முழு அரைச்சுரம் ஏறியிருந்தால் அடுத்த கட்டையில் சேர்ந்திருக்கும். 0.7 என்பதால் இரண்டு கட்டைக்கும் நடுவில் தொங்குகிறது. கீபோர்டில் ‘டியூனிங்’ அல்லது ‘பிட்ச்’ அமைப்பு இருந்தால் 70 சென்ட் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்) ஏற்றிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், சேரும். முடித்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

வேகம் கூட்டினாலும் சுருதியை மட்டும் மூல இடத்துக்கு இறக்கிவிட மென்பொருள் இருக்கிறது. பேச்சுக்கு விட்டுவிட்டாலும் பாட்டுக்கு அதைச் செய்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கட்சி.

கேள்வி: பெரியவர்களுக்கான பாப் பாட்டைக் குழந்தைகளுக்கு எப்படிச் ‘சுத்தம்’ செய்கிறார்கள்?

பதில்: சேனல் தன் இஷ்டத்துக்கு வெட்டிவிட முடியாது, பாட்டின் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். பெரும்பாலும் இசை நிறுவனமே வானொலிக்கென்று ஒரு சுத்த வடிவம் வைத்திருக்கும். அதில் தகாத சொல்லை ஊமையாக்கியிருப்பார்கள், அல்லது வேறு சொல்லை வைத்துத் திரும்பப் பாடியிருப்பார்கள். சொல் சரியாகிவிடும், ஆனால் படம் அப்படியே இருக்கும் என்பதுதான் சிக்கல். வானொலி வடிவத்துக்குப் படத்தைப் பற்றி என்ன கவலை? மது, சிகரெட், துப்பாக்கி, அந்தரங்கக் காட்சி எல்லாவற்றையும் தனியே பார்க்க வேண்டும்.

படத்தைச் சரிசெய்ய மூன்று வழி. சட்டத்தைப் பெரிதாக்கிக் குறிப்பிட்ட பொருளை வெளியே தள்ளலாம். அதே வீடியோவின் வேறு துண்டை, உதடு அசையாத துண்டாகப் பார்த்து, அந்த இடத்தில் வைக்கலாம். பாடல் வரிகளைத் திரை முழுக்க எழுத்தாக ஓடவிடலாம். மங்கலாக்குவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. மங்கலான இடத்தைத்தான் பிள்ளை உற்றுப் பார்க்கும். ஊமையாக்கிய சொல்லும் அப்படியே: ஒரு பாட்டில் ஓரிடம் என்றால் கடந்துவிடும், ஐந்தாறு இடம் என்றால் ‘அங்கே என்னம்மா சொன்னாங்க?’ என்ற கேள்வி வரும். அத்தனை ஓட்டை போட வேண்டிய பாட்டை ஒளிபரப்பாமல் விடுவதே மேல்.

கேள்வி: மூன்று வயதுப் பேத்தி ஒரே அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். அலுப்பே இல்லையா? எவ்வளவு நேரம் விடலாம்? அணைத்தால் ஒரே அழுகை.

பதில்: ஐயா, அந்த வயதில் திரும்பப் பார்ப்பது இயல்பு, அடுத்து என்ன வரும் என்று தெரிந்து பார்ப்பதில்தான் அவளுக்குச் சந்தோஷம். 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய புளூஸ் க்ளூஸ் என்ற மழலையர் நிகழ்ச்சி ஒரே அத்தியாயத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் போட்டது. நாள் ஏற ஏறப் பிள்ளைகள் கூடவே பதில் சொல்லத் தொடங்கினார்கள்.

நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு: 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். எதைப் பார்க்கிறாள் என்பதையும் கவனியுங்கள். 2011இல் வந்த ஓர் ஆய்வில் 4 வயதுக் குழந்தைகள் 60 பேரைப் பிரித்து 9 நிமிடம் சோதித்தார்கள். சராசரியாக 11 நொடிக்கு ஒருமுறை காட்சி மாறும் வேகமான கார்ட்டூனைப் பார்த்தவர்கள், அடுத்து உடனே கொடுத்த கவனச் சோதனைகளில், மெதுவான நிகழ்ச்சி பார்த்தவர்களையும் படம் வரைந்துகொண்டிருந்தவர்களையும்விடப் பின்தங்கினார்கள். உடனடி விளைவைத்தான் அளந்தார்கள், நிரந்தரக் கெடுதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டுக்கோ படுக்கைக்கோ முன்னால் மெதுவான நிகழ்ச்சியைப் போடுங்கள், அது போதும்.

அழுகைக்கு வழி அட்டவணையிலேயே இருக்கிறது. கதை நடுவில் அணைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? கதை முடிந்து பாட்டு வரும்போது, ‘இந்தப் பாட்டு ஆடிட்டு டிவிய அணைச்சிடலாம்’ என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். மூன்றரை நிமிடம் கிடைக்கிறது. அவள் எழுந்து ஆடிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். அணைக்கும் பொத்தானை அவளையே அழுத்தச் சொல்லுங்கள். அடுத்த கதையின் முகப்பு இசை தொடங்கும் முன் அணைத்துவிட வேண்டும், அதில்தான் சூட்சுமம்.

கேள்வி: உதடும் பேச்சும் ஒட்டவில்லை. டப்பிங் கோளாறா, என் சவுண்ட்பாரா?

பதில்: கார்ட்டூனை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது; வேற்று மொழிக்கு அசைந்த வாய் அது. பாட்டு வீடியோ வரும்வரை காத்திருந்து டிரம் அடிக்கும் குச்சியைப் பாருங்கள். குச்சி தோலைத் தொடுவதும் சத்தமும் ஒன்றாக வந்தால் உங்கள் கருவிகள் சரி. சத்தம் முந்தினால், டிவி படத்தை அலசி மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்ள, ஒலி நேராக சவுண்ட்பாருக்குப் போய்விடுகிறது என்று அர்த்தம். சவுண்ட்பாரில் ‘ஆடியோ டிலே’யை 20 மில்லிநொடியாகக் கூட்டிக்கொண்டே போய், குச்சியோடு ஒட்டும் இடத்தில் நிறுத்துங்கள். சத்தம் பிந்தினால் அதைப் பூஜ்யமாக்குங்கள். புளூடூத் இணைப்பு என்றால் கம்பிக்கு மாறுங்கள். ஒளிபரப்பில் ஒலி 40 மில்லிநொடிக்கு மேல் முந்தவோ 60க்கு மேல் பிந்தவோ கூடாது என்பது ஐரோப்பிய அளவு. முந்துவதற்கு ஏன் குறைவான சலுகை? இடி மின்னலுக்குப் பின்னால் வந்துதான் நமக்குப் பழக்கம்.

கேள்வி: எனக்குப் பத்து வயது. கார்ட்டூன் பையனுக்குத் தமிழில் யார் பேசுகிறார்கள்? நானும் பேசலாமா?

பதில்: பேசலாம், கண்ணு. பையன் குரலைப் பல தொடர்களில் பெரிய அக்காக்கள்தான் பேசுகிறார்கள். நிஜப் பையன் வளர்ந்து குரல் உடைந்துவிட்டால் பாதித் தொடரில் வேறு ஆளைத் தேட வேண்டும் என்பதால் அப்படி.

வீட்டிலேயே பழகிப் பார். உனக்குப் பிடித்த காட்சியில் 30 நொடி மட்டும் எடுத்துக்கொள். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு, வாய் எப்போது திறக்கிறது எப்போது மூடுகிறது என்று மட்டும் நான்கு தடவை பார். பிறகு வசனம் எழுது. உதடு ஒட்டும் இடத்தில் ப, ம வரும் சொல்லை வைக்க வேண்டும், அதுதான் ரகசியம். ஆங்கிலத்தில் ‘பை மாம்’ என்று இருந்தால் ‘நான் போய்விட்டு வருகிறேன் அம்மா’ என்று எழுதினால் வாய் மூடிய பிறகும் நீ பேசிக்கொண்டிருப்பாய். ‘போறேம்மா’ என்று எழுது. முதலில் ப-வில் உதடு ஒட்டும், பிறகு ம-வில் ஒட்டும், படத்தில் இருக்கும் பையனுக்கும் அப்படியே.

நின்றுகொண்டு பேசு, உட்கார்ந்தால் மூச்சு சிறுத்துவிடும். ஃபோனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வை. இல்லையென்றால் ப, ஃப வரும்போதெல்லாம் காற்று ‘புஸ்’ என்று அடிக்கும். மின்விசிறியை நிறுத்து. பையன் ஓடிக்கொண்டே பேசினால், வசனத்துக்கு முன்னால் நீயும் அதே இடத்தில் பத்துத் தடவை குதித்துவிட்டுப் பேசு. மூச்சு தானாக வாங்கும்.